கடவுளைக் காட்ட முடியுமா? மெய்கண்டாரின் மூன்று வரி வாதம்

"கடவுள் உண்டென்றால் காட்டு, பார்ப்போம்." இந்தக் கேள்வி தமிழில் மேடைப் பேச்சோடு பிறந்ததல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் பல சமயத்தாரும் வரிசையாகத் தங்கள் கொள்கையைச் சொல்லும்போது பூதவாதி என்று ஒருவன் வருகிறான். கண்ணால் கண்டதுதான் செல்லும், கருதி அறிவது செல்லாது என்பது அவன் கட்சி. அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சியாக நின்று, காண முடியாததையும் முறையாகக் கருதி அறியலாம், அப்படி அறிந்தால் கடவுள் உண்டென்றே முடியும் என்று மிகச் சுருக்கமாக வாதிக்கும் தமிழ் நூல், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம். மொத்தம் 12 சூத்திரம், 40 வரி. கடவுள் உண்டு என்ற வாதம் முதல் சூத்திரத்தின் மூன்று வரிக்குள் முடிந்துவிடுகிறது.

மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர். நூல் சிறியது, அதை விரித்த நூல்கள் பெரியவை. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரைப் பாடினார். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சிற்றுரை ஒன்றும் மாபாடியம் என்ற பேருரை ஒன்றும் எழுதினார். சிவஞானபோதத்தை இன்றும் இவற்றின் துணையோடுதான் படிக்கிறார்கள். இது வடமொழி ஆகமப் பகுதி ஒன்றின் மொழிபெயர்ப்பா, தமிழிலேயே எழுந்த முதல்நூலா என்று ஒரு வழக்கு உண்டு. வாதம் நிற்குமா விழுமா என்று பார்ப்பதற்கு அந்த வழக்கு தேவையில்லை.

மலையும் புகையும்

வாதத்துக்குள் நுழையுமுன் ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியத் தர்க்கம் பேசும் எல்லாரும் சொல்லும் மலை, புகை எடுத்துக்காட்டு மணிமேகலையின் 29ஆம் காதையிலும் இருக்கிறது. "இம்மலை நெருப்புடையது" என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய செய்தி. "புகை இருப்பதால்" என்பது ஏது. "அடுக்களை போல" என்பது எடுத்துக்காட்டு. சிவஞானபோதமும் இதே அமைப்பில்தான் நடக்கிறது: ஒவ்வொரு கருத்துக்கும் மேற்கோள் (நிறுவ வேண்டிய செய்தி), ஏது, எடுத்துக்காட்டாக வெண்பா.

ஏது செல்லுபடியாக மூன்று சோதனை உண்டு. முதலாவது, அது பக்கத்தில் உண்மையிலேயே இருக்க வேண்டும். மலைமேல் தெரிவது புகையா, விடியற்காலைப் பனிமூட்டமா? பனியைப் புகை என்று எண்ணினால் அங்கேயே வாதம் போயிற்று. இரண்டாவது, நெருப்பு உண்டென்று ஏற்கெனவே தெரிந்த இடத்தில் புகையும் இருக்கக் கண்டிருக்க வேண்டும். அடுக்களை அதற்குத்தான், இதைச் சபக்கம் என்பார்கள். மூன்றாவது, நெருப்பில்லாத இடத்தில் புகை ஒருக்காலும் இருக்கக் கூடாது. நீர்நிலை இதற்கு எடுத்துக்காட்டு, இது விபக்கம். பெரிய பெரிய வாதங்கள் கவிழ்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது சோதனையில்தான். கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ யார் எதைச் சொன்னாலும், ஒரு தாளில் பக்கம், ஏது, சபக்கம், விபக்கம் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். பாதிச் சண்டைகளில் விபக்கக் கட்டம் வெறுமையாகக் கிடப்பது தெரியும்.

அறிவதற்கு எத்தனை வழி என்ற கணக்கையும் அருணந்தியார் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுகிறார். ஆறு அளவை என்பார் உண்டு, அவற்றோடு நான்கு சேர்த்துப் பத்து என்பாரும் உண்டு, எல்லாம் காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல் சொல்லால் அறிவது) என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். முதல் சூத்திரம் இவற்றில் கருதலை வைத்து நடக்கிறது. வேதமோ ஆகமமோ சொல்கிறது, அதனால் நம்பு என்று அது தொடங்கவில்லை.

மூன்று வரி

"அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்"

முதல் தடவை படிப்பவருக்குப் பூட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சொல்லாகத் திறப்போம். "அவன் அவள் அது எனும் அவை" என்றால் ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று சுட்டிச் சொல்லக்கூடிய உலகம். "மூவினைமையின்" என்றால் தோன்றுதல், நிற்றல், அழிதல் என்ற மூன்று தொழிலும் உடையதாக இருப்பதால். "தோற்றிய திதியே" என்றால் ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டு நிற்பதே. "ஒடுங்கி மலத்து உளதாம்" என்றால் எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே, உயிர்களைப் பற்றிய அழுக்கான மலம் தீராமையால் மறுபடி உண்டாகும். "அந்தம் ஆதி" என்றால் எல்லாவற்றையும் ஒடுக்குகிறவன் எவனோ அவனே முதல். "என்மனார் புலவர்" என்றால் அறிந்தோர் இப்படிச் சொல்வர்.

"உலகம்" என்று ஒரே சொல்லில் சொல்லாமல் "அவன் அவள் அது" என்று பிரித்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மூன்றும் சுட்டுச் சொற்கள். அ என்ற சுட்டெழுத்தை நீட்டி, "அதோ" என்று விரல் காட்டக் கூடியவை எல்லாம் இந்த வலைக்குள் வந்துவிடுகின்றன. இந்த நூலின் உயிர்நாடி இந்தச் சுட்டில் இருக்கிறது. அது எதற்கு என்பது ஆறாம் சூத்திரத்தில் தெரியவரும்.

வாதத்துக்கு மூன்று படி.

முதற்படி: உலகம் தோன்றி, நின்று, அழிவது. இதற்கு உடனே மறுப்பு வரும். பொருள்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி அழிவதைக் காண்கிறோம். உலகம் முழுவதும் ஒருநாள் தோன்றியதை யார் கண்டார்? வேதத்தை முழுவதும் ஏற்றுக்கொண்ட மீமாஞ்சகரே, உலகம் என்றும் இப்படித்தான் இருக்கிறது, படைத்தவன் வேண்டாம் என்றவர்கள். (ஆத்திகர் என்றாலே கடவுளை ஏற்பவர் என்று நினைப்பது தவறு. மீமாஞ்சையும் நிரீச்சுர சாங்கியமும் வேதத்தை ஏற்றும் படைப்புக் கடவுளை வேண்டாமென்றவை.) மெய்கண்டாரின் விடை: ஒன்று ஒன்றில் தோன்றி, இருந்து, இறப்பதைக் கண்ணெதிரே கண்ட பிறகு முழுவதுக்கும் அதே தன்மை உண்டென்று ஆய்ந்து சொல்ல மாட்டார்களா?

இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டக் கூடாது. பூமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவும் வாடும், ஆகவே மாலையும் வாடும் என்பது சரி. ஒவ்வொரு பூவும் அரை விரல் நீளம், ஆகவே மாலையும் அரை விரல் நீளம் என்றால் தவறு. உறுப்பின் குணம் சில சமயம் முழுமைக்கு ஏறும், சில சமயம் ஏறாது. தோன்றி அழிதல் வாடுதலைப் போன்றதா, நீளத்தைப் போன்றதா? சைவ சித்தாந்தம் என்ற மெய்கண்டார் மரபின் விடை, வாடுதலைப் போன்றது என்பதே. பகுத்துப் பகுத்துக் காட்ட முடிகிற, தனக்கென்று அறிவில்லாத பொருள் எதுவும் கூடியதுதான், கூடியது பிரியும் என்பது அதன் காரணம். நல்ல காரணம்தான். ஆனால் அசைக்க முடியாத காரணம் என்று சொல்ல முடியாது. இந்த மூட்டில்தான் முதற்படி மெலிந்திருக்கிறது.

பெருவெடிப்பைக் கொண்டுவந்து இந்த மூட்டை இறுக்கப் பார்ப்பவர்கள் இன்று அதிகம். அது உதவாது. பெருவெடிப்புக் கொள்கை, பிரபஞ்சம் மிக வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையிலிருந்து விரிந்து வந்ததைச் சொல்கிறது. எதுவுமே இல்லாத நிலையிலிருந்து ஒருவர் படைத்தார் என்பதற்கு அது சாட்சியாகாது. சூத்திரமும் அப்படி ஒரு படைப்பைச் சொல்லவில்லை.

ஏனென்றால் இரண்டாம் படி இதுதான்: இல்லாதது தோன்றாது. முயலுக்குக் கொம்பு முளைக்காது. ஆகவே தோன்றுவது முன்பே வேறு வடிவில் இருந்தது, தோற்றம் என்பது வெளிப்படுதல், அழிவு என்பது ஒடுங்குதல். வேற்றுச் சமயங்களில் படித்த "ஒன்றுமில்லாததிலிருந்து படைத்தார்" என்ற கருத்தை இங்கே கொண்டுவந்து வைப்பதுதான் தொடக்கத்தில் படிப்பவர்கள் செய்யும் முதல் பிழை. சித்தாந்தத்தில் கடவுள் உலகத்தின் மூலப்பொருளைப் படைக்கவில்லை. அதற்கு மாயை என்று பெயர், அது என்றும் உள்ளது. அருணந்தியார் பானையை வைத்து விளக்குகிறார். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், வனைகிற குயவன் நிமித்த காரணம். மண் இருக்கும் இடத்தில் மாயையை வை, திரிகை இருக்கும் இடத்தில் இறைவனுடைய சத்தியை வை, குயவன் இருக்கும் இடத்தில் இறைவனை வை என்கிறார். மண் தானாகப் பானையாவதில்லை, அதுபோல உள்ளதும் செய்பவன் இன்றி வினைப்படாது.

மூன்றாம் படிதான் மெய்கண்டாரின் தனி நடை. முதல்வனை அடையாளம் காட்ட அவர் படைப்பவனைப் பிடிக்கவில்லை, ஒடுக்குபவனைப் பிடித்தார். "அந்தம் ஆதி." எல்லாம் அடங்கிய பின் அடங்காமல் எஞ்சி நிற்பது எதுவோ அதிலிருந்துதான் அடுத்தது தொடங்க முடியும். படைக்கும்போது பலர் கூட இருக்கலாம். எல்லாவற்றையும் ஒடுக்கும்போது, ஒடுக்குபவன் தவிர வேறொருவர் எஞ்ச முடியாது. வானமும் மண்ணும் போன பிறகு மிஞ்சுவது யார் என்று கேட்டு முதல்வனைத் தேடும் இந்த முறை, "யார் செய்தது?" என்று மட்டும் கேட்கும் முறையைவிட ஒரு படி ஆழமானது.

"அப்படியானால் கடவுளை யார் செய்தார்?" என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் செய்பவன் வேண்டும் என்று சூத்திரம் சொல்லவே இல்லை. தோன்றி, நின்று, அழிவதற்குத்தான் செய்பவன் வேண்டும் என்றது. மூவினை இல்லாததற்கு அந்தக் கேள்வி ஏறாது. "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே கடவுள் உண்டு" என்று வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் தாங்களே குழி வெட்டிக்கொள்கிறார்கள்.

குயவனும் கறையான் புற்றும்

இந்த வாதத்துக்கு வந்த அடிகளிலேயே பலமானது, மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டு முன்பே பௌத்தத் தர்க்க அறிஞர் தருமகீர்த்தி கொடுத்தது. நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர் பேசிய இதே வகை வாதத்துக்கு அவர் சொன்ன மறுப்பு இது. பானை மண்ணால் ஆனது, அதைக் குயவன் செய்தான். புற்றும் மண்ணால் ஆனது. அதையும் குயவன்தான் செய்தான் என்பீர்களா?

புற்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த மறுப்பின் கூர்மை விளங்கும். ஆள் உயரம் எழுந்து, கூம்பு கூம்பாக, உள்ளே அறைகளும் வழிகளும் கொண்டு, மழையில் எளிதில் கரையாமல் நிற்கிறது. பானையைவிடச் சிக்கலான வேலைப்பாடு. ஆனால் திட்டம் போட்ட தச்சன் ஒருவனும் இல்லை. ஆயிரக்கணக்கான கறையான்கள், ஒவ்வொன்றும் எச்சில் கலந்த ஒரு துளி மண்ணை வைத்துவிட்டுப் போகின்றன. முழு வடிவம் எந்தக் கறையானுக்கும் தெரியாது. இரண்டும் மண் என்ற ஒற்றுமையை வைத்துக்கொண்டு செய்தவனும் ஒரே வகை என்று பேசக் கூடாது, எந்த வகைப் பொருள் எந்த வகைச் செய்வோனிடமிருந்து வருவதைக் கண்டிருக்கிறோமோ அந்த வகைக்கு மட்டும்தான் ஏது செல்லும் என்கிறார் தருமகீர்த்தி. குயவன் பானை செய்வதைக் கண்டிருக்கிறோம். உலகம் செய்யப்படுவதை எவரும் கண்டதில்லை. இரண்டாம் சோதனையான சபக்கம் இங்கே தடுமாறுகிறது.

நையாயிகர் மறுமொழி: குயவன் என்பது முக்கியமில்லை, அறிவுடைய செய்வோன் என்பதே முக்கியம். கறையானும் உயிருள்ளதுதானே. சரி, அப்படியானால் யாரும் விதைக்காமல் காட்டில் முளைக்கும் புல்லுக்கு என்ன சொல்வது? அறிவுடைய செய்வோன் யாரும் கண்ணில் படவில்லை, ஆனால் தோற்றம் இருக்கிறது. விபக்கத்தில் ஏது நுழைந்துவிட்டதே! இதற்கும் அவர்களிடம் விடை உண்டு: புல்லுக்குச் செய்வோன் உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு, வழக்கில் இருப்பதையே சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. இந்த விடை சரியான விடைதான். ஆனால் அதே விடை மறுபக்கமும் வெட்டும். புல்லை "செய்வோன் இல்லாதது" என்று சாட்சியாக்கக் கூடாதென்றால், "உலகத்துக்குச் செய்வோன் உண்டு" என்று சொல்லவும் பானை, வீடு, துணி போன்ற மனிதர் செய்தவை மட்டுமே மிஞ்சுகின்றன. இந்த இடத்தில் வாதம் சமநிலையில் தொங்குகிறது என்பதே நியாயமான தீர்ப்பு.

கண்டதே உண்டு என்னும் உலகாயதர் வேறு வழியில் வருகிறார்கள். தோன்றுவதும் மாய்வதும் பொருளின் இயல்பு, நெருப்புச் சுடுவது போல. அருணந்தியார் ஒரே வீச்சில் பதில் சொல்கிறார்: இயல்பு என்றால் செயல் இல்லை, செயல் என்றால் அது இயல்பு இல்லை. மாறாமல் இருப்பதுதான் இயல்பு, மாறுவதை இயல்பு என்று சொல்வது தன்னைத்தானே வெட்டிக்கொள்வது. அந்தக் காலத்து "இயல்பு" என்ற சொல்லுக்கு இது போதிய பதில். இன்றைய இயற்பியல் படித்தவர் இங்கே விடமாட்டார். ரேடியம் அணு சிதைவது அதன் இயல்பு, அந்த மாற்றமே ஒரு மாறாத விதிப்படி நடக்கிறது என்பார். அந்த விதி எங்கிருந்து என்று கேட்கலாம். கேட்டால் அது புது வாதம், பழைய பாடலை மட்டும் சொல்லி முடிக்க முடியாது.

துன்பத்துக்கு யார் பொறுப்பு

குமாரிலபட்டர், மீமாஞ்சையின் பெரிய ஆசிரியர், கடவுள் கட்சியாரைக் கேட்ட கேள்வி இன்னும் சுடுகிறது. மந்தன்கூடப் பயன் கருதாமல் ஒரு வேலையில் இறங்க மாட்டான். குறையே இல்லாத கடவுள் எதற்காக உலகத்தைச் செய்தான்? இரக்கத்தினால் என்றால், இரங்குவதற்கு அப்போது துன்பப்படுபவர் யார் இருந்தார்?

சித்தாந்தம் இதற்குச் சொல்லும் விடைதான் இந்த வாதத்தின் ஒழுங்கையே மாற்றுகிறது. துன்பப்படுபவர் இருந்தார்கள் என்கிறது அது. உயிர்களைக் கடவுள் படைக்கவில்லை. பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய கட்டும் அனாதி, தொடக்கம் இல்லாதவை என்று திருமூலர் சொல்லிவிட்டார். உயிர் என்றென்றும், அறிவை மறைக்கும் ஆணவ மலத்தோடு கிடந்தது. செம்பில் களிம்பு போல என்பது வழக்கமான உவமை. களிம்பு யாரோ பூசியது அன்று, செம்போடு உடனாக இருப்பது. இருட்டறையில் அறிவு மங்கிக் கிடக்கும் உயிருக்கு உடலும் புலனும் உலகமும் கொடுத்து, பட்டுப் பட்டு விளங்கவைப்பதே படைப்பு. "மலத்து உளதாம்" என்று சூத்திரம் சொன்னதற்கு இதுதான் பொருள்: மலம் இருப்பதால்தான் உலகம் மறுபடி உண்டாகிறது. அழித்தல்கூட உயிர்களை இளைப்பாற்றுவதற்கு என்று பாடுகிறார் அருணந்தியார், பார்க்கப் போனால் எல்லாம் அருளே என்கிறார்.

இந்த விடைக்குச் சித்தாந்தம் கொடுத்த விலை சாதாரணமானதன்று. எல்லாவற்றையும் படைத்தவன், நினைத்தால் எதையும் எப்படியும் மாற்றக் கூடியவன் என்ற கடவுளை அது விட்டுக்கொடுத்துவிட்டது. ஆணவம் ஏன் இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கடவுள் உண்டாக்கவில்லை, களைகிறார். எல்லா அதிகாரமும் உடைய கடவுளா, எல்லா அன்பும் உடைய கடவுளா என்ற இடத்தில் சைவ சித்தாந்தம் தயங்காமல் அன்பின் பக்கம் சாய்ந்தது. பச்சைக் குழந்தை நோயில் துடிப்பதைப் பார்த்தவருக்கு "பழைய வினை" என்ற சொல் ஆறுதலாகாது, அதை அவரிடம் சொல்வது கொடுமையும்கூட. ஆனால் அந்த நோயைக் கடவுளே விரும்பி உண்டாக்கினான் என்று சொல்லாத ஒரு தத்துவம் இருக்கிறது என்பது சின்ன விஷயம் அன்று.

சுட்டு விரலுக்கு அப்பால்

இனி "காட்டு" என்ற கேள்விக்கு வரலாம். ஆறாம் சூத்திரத்தில் மெய்கண்டார் அதை நேராக எடுத்துக்கொள்கிறார். கடவுள் அறியப்படும் பொருளா, அறியப்படாத பொருளா? அறியப்படும் என்றால் அது உலகப் பொருளில் ஒன்றாகிவிடும், இன்று சுட்டப்பட்டது நாளை இல்லாமல் போகும், ஆகவே அசத்து, அதாவது நிலையில்லாதது. அறவே அறியப்படாது என்றால் முயற்கொம்புக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை, சூனியம். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, இரண்டும் அல்லாத மூன்றாம் நிலை ஒன்று உண்டு, அதுவே சிவசத்து, என்றும் நிலைத்த சிவம் என்கிறார்.

முதல் சூத்திரத்தின் சுட்டு இங்கே வந்து பலிக்கிறது. விரல் நீட்டி "அவன், அவள், அது" என்று சொல்லக் கூடியவை எல்லாம் தோன்றி அழியும் உலகம் என்று முதலிலேயே வகுத்தாயிற்று. ஆகவே "கடவுளை அதோ பார்" என்று காட்டினால், காட்டப்பட்டது எதுவாக இருந்தாலும் அது கடவுள் அன்று. மேடையில் காட்டச் சொன்னவர் இதைக் கேட்டால், இது நழுவல் என்று கோபப்படலாம். நழுவல் ஆகாமல் இருக்க வேண்டுமானால், சுட்டி அறியாமல் வேறு எப்படி அறிவது என்று சொல்லியாக வேண்டும். மெய்கண்டார் சொல்கிறார்.

இரண்டாம் சூத்திரத்துக்கு அவர் தரும் வெண்பா ஒன்றில் ஓர் எளிய காட்சி இருக்கிறது. ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். "என்ன?" என்று திரும்புகிறார். அந்தப் பேர் வைக்கப்பட்டது உடம்புக்கு, தொட்டிலில் போட்டு, காதில் சொல்லி. ஆனால் "என்ன?" என்று கேட்டது உடம்பா? உயிர் அந்த உடம்போடு எவ்வளவு ஒன்றியிருக்கிறது என்றால், உடம்பின் பேரைத் தன் பேராகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. ஆனாலும் உடம்பு உயிராகிவிடவில்லை, உயிர் உடம்பாகிவிடவில்லை. இறைவனும் உலகமும் அப்படி என்கிறார் மெய்கண்டார். ஒன்றாயும், வேறாயும், உடனாயும் இருப்பது. "உலகெலாம் ஆகி வேறாய் உடனுமாய்" என்று அருணந்தியார் பாடியது இதைத்தான். அத்துவிதம் என்ற சொல்லுக்கே "ஒன்றுதான் உண்டு" என்று பொருள் கொள்ளாமல் "பிரிப்பு இல்லை" என்று பொருள் கொள்வது இந்த மரபு. சங்கரர் வழி அத்வைதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அகரம் மற்ற எழுத்துகளில் கலந்து நிற்பது போல என்று திருவருட்பயனின் முதல் குறளில் உமாபதி சிவம் சொல்வதும் இதே கருத்து. க என்று எழுதினால் 'க்' என்ற மெய்யும் 'அ' என்ற உயிரும் கலந்திருக்கும். அகரத்தைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு மெய்யை மட்டும் நீட்டி ஒலித்துப் பாருங்கள், ஒலி நடக்காது. ஆனால் க என்ற எழுத்துக்குள் அகரத்தை விரல் வைத்துக் காட்டு என்றால் எங்கே வைப்பது?

பதினோராம் சூத்திரம் இதை முழுவதும் திருப்பிப் போடுகிறது. "காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல்" என்று அது தொடங்குகிறது. கண் காண்கிறது என்கிறோம். நினைப்பு வேறெங்கோ இருக்கும்போது எதிரே நிற்கும் ஆள்கூடக் கண்ணில் படுவதில்லை. உயிர் காட்டினால்தான் கண் காணும். கண் ஒருநாளும் அந்த உயிரைப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது, ஆனால் அதன் ஒவ்வொரு பார்வையும் அதனால்தான். அதேபோல் அறியும் உயிருக்கு அறிவிப்பவன் ஒருவன் உண்டு, அவன் அறிவின் முன்னால் நிற்காமல் அறிவுக்குள்ளே நின்று காட்டுகிறான் என்கிறது சூத்திரம். கடவுளைக் காட்டு என்பவருக்கு மெய்கண்டாரின் விடை இதுதான்: காட்டப்படுவது கடவுள் அன்று, காட்டுவது கடவுள். அந்தச் சூத்திரம் தர்க்கத்தில் முடியவில்லை. "அயரா அன்பின் அரன்கழல் செலுமே" என்று அன்பில் போய் முடிகிறது.

முதல் சூத்திரத்தைவிட இந்த இடமே இந்நூலில் வலிமையான இடம். பானையும் குயவனும் வைத்து நிறுவிய கடவுளைப் புற்றைக் காட்டி அசைக்கலாம். அறிபவனுக்குள் அறிவிப்பாக நிற்பதைப் புற்றைக் காட்டி அசைக்க முடியாது. ஆனால் அதை அனுமானத்தால் பிறருக்கு நிறுவவும் முடியாது. உயிரின் அறிவே போதும், அறிவிப்பவன் ஒருவன் எதற்கு என்று ஒருவர் நின்றுவிட்டால் அவரை வாதத்தால் இழுத்துவர வழியில்லை. "உறவுகோல் நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே" என்று அப்பர் பாடியது கடையச் சொன்னதே தவிர, பாலைப் பார்த்து நெய் தெரிகிறதா என்று கேட்கச் சொன்னதன்று.

இன்னொரு ஐயம் தமிழ் படிப்பவருக்குக் கட்டாயம் எழும். சுட்டப்படுவது கடவுள் அன்று என்றால், "அவன் அருளாலே அவன்தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் ஏன் "அவன்" என்கிறார்? "அவனன்றி ஓர் அணுவும் அசையாது" என்று ஊரே சொல்கிறதே? சிவனை ஆணாக, சடைமுடியும் பிறையுமாக வணங்குவது இந்தத் தத்துவத்துக்கு முரணா? முரணில்லை என்பது சித்தாந்தத்தின் விடை. இறைவனுக்கு உருவம், கை, கால் எல்லாம் அருளே, உயிர் பற்றிக்கொள்ள ஒரு பிடி. பிடி எதுவாகவும் இருக்கலாம். அருணந்தியார் இன்னும் போகிறார்: "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்." 14 பிற சமயங்களைச் சிவஞானசித்தியாரின் பரபக்கம் என்ற பகுதியில் ஒவ்வொன்றாக மறுத்த அதே கை எழுதிய வரி இது. கொள்கையில் விட்டுக்கொடுக்காமல் சண்டையிட்டவர், வழிபடும் எவரையும் வெளியே நிறுத்தவில்லை.

சம்பந்தர் இந்த வாதம் எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே திருப்பாசுரத்தில் சொன்ன வரியையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். "ஏதுக்களாலும் எடுத்த மொழியாலும் மிக்குச் சோதிக்க வேண்டா, சுடர்விட்டு உளன் எங்கள் சோதி." ஏது, எடுத்துக்காட்டு என்று தர்க்கச் சொற்களையே எடுத்து, அவை வேண்டாம் என்கிறார். அதே மரபில் வந்த மெய்கண்டார் ஏதுவும் எடுத்துக்காட்டும் நிறைந்த நூலைச் செய்தார். "வேண்டா" என்றது தெளிந்தவருக்கு, நூல் எழுந்தது ஐயம் உள்ளவருக்கு என்று சமாதானம் சொல்வதுண்டு. நூலின் கடைசி வரி அதைவிட நல்ல சமாதானம். அளவை, ஏது, மறுப்பு, விடை என்று நடந்த பிறகு, கடைசி இரண்டு வரி அன்பு மிகுந்தவர்களின் வேடத்தையும் கோயிலையும் சேர்த்துச் சொல்கிறது: "ஆலயம் தானும் அரன்எனத் தொழுமே."